29 சொல்லில் ஓர் ஆங்கிலப் பாடம்

வெண்ணந்தூர்ப் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே படிக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இங்கிலீஷுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?" தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கும் கேள்வியைப் பாருங்கள்! இருந்தாலும் பதில் வைத்திருக்கிறேன். புத்தகமே வேண்டாம். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவை எடுங்கள். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம், 29 சொல்.

முதல் வாக்கியத்தில் தீண்டாமை 'அபாலிஷ்' செய்யப்படுகிறது. அதன் 'பிராக்டிஸ்' எந்த வடிவத்திலும் 'ஃபார்பிட்' செய்யப்படுகிறது. ஒழிப்பும் தடையும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. ஜமீன் முறையை ஒழித்தார்களே, அது 'அபாலிஷ்'. ஓர் ஏற்பாட்டையே சட்டப்படி இல்லாமல் ஆக்குவது. இதைச் செய்யாதே என்று ஆளைத் தடுப்பது 'ஃபார்பிட்'. ஏட்டில் ஒழிந்த பிறகும் டீக்கடையில் தனி டம்ளர் வைக்கிறவர் இருக்கிறாரே, அவருக்கு இரண்டாவது சொல்.

'பிராக்டிஸ்' என்றால் பள்ளியில் பயிற்சி, வக்கீலுக்குத் தொழில். இங்கே கடைப்பிடிப்பது.

நான் தடுக்கி விழுந்தது இரண்டாவது வாக்கியத்தில் வரும் 'டிஸெபிலிட்டி'யில். கல்லூரியில் முதன்முதலாகப் படித்தபோது உடல் ஊனம் என்று நினைத்துக்கொண்டேன். தீண்டாமையால் ஊனம் எப்படி வரும் என்று நாள் கணக்கில் குழப்பம். அகராதியில் முதல் பொருளோடு நிறுத்திவிட்டால் இப்படித்தான். சட்டத்தில் அதற்கு, ஒருவருக்கு உரிமை இல்லை என்று ஆக்கிவைப்பது என்றும் பொருள் உண்டு. கோயிலுக்குள் வராதே, பொதுக் கிணற்றில் இறைக்காதே என்பதெல்லாம் அதுதான். பக்கத்திலேயே 'என்ஃபோர்ஸ்மென்ட்' இருக்கிறது. அமலாக்கம் என்று செய்தியில் படிக்கிறோம்; இங்கே அந்தத் தடையை நம்மேல் திணிப்பது. திணித்தால் குற்றம், தண்டனை உண்டு என்று வாக்கியம் முடிகிறது. பொருள் தெரியாமல் மனு எழுதினால் எந்தக் குற்றத்தைச் சொல்கிறோம் என்பதே மாறிப்போகும்.

தினமும் காலையில் இரண்டு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். நாளுக்கு ஒரு சொல் போதும். அகராதியில் எல்லாப் பொருளையும் பார்த்து, நம் தெரு விஷயத்தை வைத்தே மூன்று வாக்கியம் எழுதுங்கள். பிழை வந்தால் வரட்டும், நாளை விடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும்.

அடுத்து 15ஆவது பிரிவுக்குப் போங்கள். கடை, கிணறு, சாலை எல்லாம் வரும். 'டேங்க்' என்றும் ஒரு சொல் உண்டு. மொட்டை மாடித் தொட்டி இல்லை, குளம்.