எதிர்மறை ஏவலும் எழுத்தின் நியாயமும்

யூலை 25ஆம் நாள் யாழ்ப்பாணத்துக் குருநகரில் எந்த அப்போஸ்தலருக்குத் திருநாள் எடுக்கப்படுகிறதோ, அந்த யாகப்பரையே ஸ்பானிய ஜனங்களும் சாந்தியாகோ என்ற நாமத்தால் தங்கள் தேசத்தின் பாதுகாவலராகப் போற்றி, அதே தினத்தில் விழாக் கொண்டாடுகின்றனர். பாதுகாவலர் ஒருவரேயாயினும் பாஷை வேறு. ஸ்பானிய பாஷையைக் கற்கப் புகும் தமிழ் மாணவர், 'செய்யாதே' என்று விலக்கும் எதிர்மறை ஏவலுக்கு வந்த மாத்திரத்தில் திகைத்து நிற்பது இயல்பு.

'தொடு' என்று ஏவுதற்கு அங்கே 'தோக்கா' என்றால் போதும். 'தொடாதே' என்பதற்கோ, 'நோ' என்னும் சொல் முன்னே சேர்வதோடு அமையாமல், விருப்பத்தையும் ஐயத்தையும் குறிக்கும் வேறொரு வினைவடிவம் இரவலாக வந்து, ஈற்று அகரம் எகரமாகி, 'நோ தோக்கேஸ்' என்றாகிறது. எழுத்தின் சங்கடம் இங்கேதான் பிறக்கிறது. அகரத்தின் முன் ககரமாக ஒலிக்கும் 'சி' என்னும் ரோமன் எழுத்து, எகரத்தின் முன் அவ்வொலியை இழந்துவிடுமாதலால், அதனை நீக்கிக் 'கியூ', 'யூ' என இரண்டெழுத்தை இடுகின்றனர். 'பணம் கொடு' எனப் பொருள்படும் 'பாகா', 'நோ பாகேஸ்' ஆகும்போது 'ஜி'யை அடுத்து ஒரு 'யூ' நுழைவதும், அஃதின்றேல் அவ்வெழுத்து தொண்டையிற் பிறக்கும் ஹகரமாகிவிடும் என்ற காரணத்தாலேயே. 'கடக்காதே' எனப்படும் 'நோ க்ரூஸேஸ்' என்பதில் 'இஸட்' தன் ஸ்தானத்தைச் 'சி'க்கு விட்டுக்கொடுப்பது மாத்திரம் எழுத்து மரபு பற்றியது. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயரின் பாஷையிலும் முதலிரண்டு திரிபுகள் உள; 'இஸட்' அங்கே மாறுவதில்லை.

எவ்வுயிரோடு கூடினும் மெய்க்குரிய எழுத்து வேறொன்றாக மாறாத நம் லிபிக்கு இத்தகைய எழுத்துத் திரிபு புதிதாயினும், விலக்கும்போது வினை உருமாறுவது நமக்குப் புதிதன்று. 'வா' என்பது 'வராதே' ஆகிறது. 'நில்' என்பது 'நிற்காதே' ஆகிறது. 'கேள்' என்பது 'கேட்காதே' ஆகிறது. குருநகர்க் கரையில் விரித்துக் கிடக்கும் வலையின்மேல் ஓடிவரும் சிறுவனை 'உழக்காதை' என்று அதட்டும் மீனவர், பின்னால் வரும் பெரியவரிடம் 'உழக்காதேங்கோ' என்று குரல் தாழ்த்திச் சொல்வதற்கு எந்த இலக்கண நூலையும் புரட்டுவதில்லை. அந்த மரியாதை பேதமும் ஸ்பானியத்தில் உண்டு: நெருங்கியவருக்கு 'நோ தோக்கேஸ்', மதிப்புக்குரியவருக்கு 'நோ தோக்கே'.

ஆகவே, இந்த ஸ்பானிய வினைகளை ஒழுங்கற்றவையென்று பட்டியலிட்டு மனனஞ் செய்வது வீண் பிரயாசை. 'இஸட்' பற்றிய மரபு ஒன்று நீங்கலாக, வினையடியின் ஒலி முதலிலிருந்து கடைசிவரை மாறாமல் நிற்க, அதைக் காப்பதற்காகவே எழுத்து மாறுகிறது என்ற தத்துவத்தை உணர்ந்து, முதலில் வாய்விட்டுச் சொல்லிச் செவியைப் பழக்கிய பின்னரே எழுதுகோலை எடுக்கும் மாணவருக்கு, எந்த இடத்தில் எந்த எழுத்து வேண்டுமென்பதை அச்செவியே சொல்லிக்கொடுக்கும்.