விளையாட்டு ஆசிரியராக விரும்புகிறீர்களா?

பழனி மலைக்குப் படியேறிப் போய்விட்டு, படி வழியாகவே இறங்கி வந்திருக்கிறீர்களா? ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது அவ்வளவு சிரமம் தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் பாயைவிட்டு எழுந்திருக்கப் பார்த்தால் முன்தொடை 'விண் விண்' என்று தெறிக்கும். "அத்தனை படி ஏறினாயே, வலிக்காமல் என்ன செய்யும்?" என்பார்கள் வீட்டில். உண்மையில் அந்த வலிக்கு முக்கியக் காரணம் ஏறியது அல்ல; இறங்கியதுதான்.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை உங்கள் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. வண்டிக்குப் பிரேக் பிடிப்பது போன்ற வேலை இது. பழக்கமில்லாத தசை இப்படிப் பாரம் தாங்கியபடி நீளும்போது அதன் இழைகளில் மிக நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றை உடல் பழுது பார்க்கும் ஓரிரு நாட்களில்தான் வலி உச்சத்துக்குப் போகிறது. தசையில் லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதுதான் இந்த மறுநாள் வலிக்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். இன்றும் பல மைதானங்களில் அப்படிச் சொல்லக் கேட்கலாம். அது சரியல்ல. ஓடி முடித்த ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே அந்த அமிலத்தின் அளவு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வலி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இதெல்லாம் தெரிந்த உடற்கல்வி ஆசிரியர், கோடை விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே மாணவர்களை நூறு முறை உட்கார்ந்து எழச் சொல்லமாட்டார். பத்தில் ஆரம்பிப்பார். அடுத்த வாரம் பதினைந்து. தசை பழகியபின் அதே வேலைக்கு வலி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உடலின் அசைவுகளை இப்படி ஆராயும் துறைக்கு உடலியக்கவியல் என்று பெயர். ஆங்கிலத்தில் கினீசியாலஜி என்பார்கள். இயக்கம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். உடற்கல்விப் பட்டப் படிப்பின் முதுகெலும்பு இதுவே என்பது என் கருத்து. விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவர்கள் பலர், இந்தப் படிப்பில் காலை முதல் மாலை வரை பந்து விளையாடலாம் என்று எண்ணிக்கொண்டு சேருகிறார்கள். முதல் மாதமே எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னதும் திகைத்துப் போகிறார்கள். நீங்கள் அப்படித் திகைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இத்துறையின் தந்தையருள் ஒருவராகக் கருதப்படுபவர் இத்தாலியரான போரெல்லி. 1608இல் பிறந்த கணித மேதை. விலங்குகளின் இயக்கத்தைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1680, 81 ஆண்டுகளில் வெளிவந்தது. எலும்புகளை நெம்புகோல்களாகவும் மூட்டுகளை ஆதாரப் புள்ளிகளாகவும் வைத்து அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

முழங்கையை மடக்கி, முன்கையைத் தரைக்கு இணையாக நீட்டி, உள்ளங்கையில் 5 கிலோ அரிசிப் பையை வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை மூட்டுதான் ஆதாரம். அங்கிருந்து உள்ளங்கைக்குச் சுமார் 35 செ.மீ. தூரம். மேல்கையின் முன்புறம் புடைத்து நிற்கும் இருதலைத் தசை, முன்கை எலும்பில் ஒட்டியிருக்கும் இடமோ மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான். 35ஐ 5ஆல் வகுத்தால் 7. ஆக, 5 கிலோவைத் தாங்க அந்தத் தசை 35 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும்! முன்கையின் எடையையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

"இது என்ன நஷ்ட வியாபாரம்?" என்று தோன்றுகிறதல்லவா? விசையில் நஷ்டம்தான். ஆனால் வேகத்தில் லாபம். தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 7 செ.மீ. நகர்கிறது, அதே நேரத்திற்குள். கிரிக்கெட் பந்தை மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீச முடிவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். மனித உடலில் பெரும்பாலான மூட்டுகள் பாரம் தூக்குவதைவிட விரைந்து அசைவதற்கே ஏற்றவையாக இருக்கின்றன.

இனி உயரம் தாண்டுவதைப் பார்ப்போம். இதில் விஞ்ஞானமும் ஆசிரியரின் பொறுப்பும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டிக் ஃபாஸ்பரி என்ற பொறியியல் மாணவர் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அவர் தாண்டிய முறைதான் உலகை வியக்க வைத்தது. அதுவரை வீரர்கள் கம்பியைக் கத்தரிக்கோல் போல் காலை வீசியோ, வயிறு கீழ்நோக்க உருண்டோ கடந்தார்கள். ஃபாஸ்பரி வளைந்து ஓடி வந்து, முதுகைக் கம்பிக்குக் காட்டி, மல்லாந்து போனார். இதில் என்ன ஆதாயம்? ஒரு வளையலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது? உலோகத்தில் இல்லை, நடுவில் உள்ள வெற்றிடத்தில் இருக்கிறது. உடலை வில்லாக வளைத்தால் உடலின் ஈர்ப்பு மையமும் அப்படியே உடலுக்கு வெளியே, முதுகுக்குக் கீழே இறங்கிவிடும். தரையை உதைத்து எழும் வேகம் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரம் போகும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. பிறகு காற்றில் கையைக் காலை ஆட்டி அதைக் கூட்ட முடியாது. ஆனால் ஃபாஸ்பரியின் முறையில் உடல் முழுவதும் பகுதி பகுதியாகக் கம்பிக்கு மேலே போக, ஈர்ப்பு மையம் மட்டும் கம்பிக்குக் கீழாகவே கடந்து செல்ல முடியும்! அதே உதையில் சில சென்டிமீட்டர் கூடுதல் உயரம் கிடைக்கிறது.

இதைப் படித்ததும் உங்கள் பள்ளி மைதானத்தில் நாளைக்கே முயன்று பார்க்கத் தோன்றும். வேண்டாம். இந்த முறையில் தாண்டுபவர் முதுகும் தோளும் கழுத்தும் முதலில் பட விழுகிறார். தடித்த பஞ்சு மெத்தை வந்த பிறகுதான் இது சாத்தியமாயிற்று. நம் பள்ளிகள் பலவற்றில் இருப்பது மணல் குழி. அதுவும் பல சமயம் மழையில் நனைந்து இறுகிக் கிடக்கும். அதில் மல்லாந்து விழுந்தால் கழுத்தெலும்பு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மணல் குழியானால் காலூன்றி விழும் கத்தரிக்கோல் முறைதான் சரி. மெத்தை இல்லாத இடத்தில் "முதுகு முறை வேண்டாம்" என்று மறுக்கத் தெரிந்தவரே படித்த ஆசிரியர். பரிசுக் கோப்பை போனாலும் போகட்டும்!

உயரம் தாண்டுதல் என்றதும் நம் மாரியப்பன் தங்கவேலு நினைவுக்கு வருகிறார். சேலம் மாவட்டத்துக் கிராமத்துப் பையன். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்து டோக்கியோவில் வெள்ளி. 2024இல் பாரிஸில் வெண்கலம். ஊனமுற்ற பிள்ளை என்று மரத்தடியில் உட்கார வைத்திருந்தால்? அப்படி உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் பள்ளி நாட்களையும் சொல்ல வேண்டும். காலையில் மணி அடித்தபின் வந்தால் மைதானத்தை வாத்து நடையில் சுற்ற வேண்டும். முழங்காலை முற்றிலும் மடக்கி, உடல் பாரம் முழுவதையும் அதன்மேல் வைத்து நடக்கும் தண்டனை அது. வளரும் வயதில் எலும்பு முனைகளுக்கு அருகே வளர்ச்சித் தட்டுகள் என்னும் மென்மையான குருத்தெலும்புப் பகுதிகள் உண்டு. அவை முழுவதும் எலும்பாக மாறப் பதின்ம வயது முடிய வேண்டும். தசைநாண் எலும்பைப் பற்றும் இடங்களும் அதுவரை மென்மையாகவே இருக்கும். அவற்றின் மீது திரும்பத் திரும்ப அளவுக்கு மீறிய பாரம் ஏற்றலாகாது என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் நடந்தது. ஓட்டமும் பயிற்சியும் தண்டனை என்று எங்கள் வகுப்பில் பாதிப்பேர் முடிவு செய்துவிட்டோம்.

சரி, இந்தப் படிப்புக்கு எப்படித் திட்டமிடுவது?

பிளஸ் டூ முடித்ததும் பி.பி.இ.எஸ். போன்ற மூன்றாண்டு உடற்கல்விப் பட்டத்தில் சேரலாம். ஆனால் அந்தப் பட்டம் மட்டும் இருந்தால் ஆசிரியராக முடியாது. அதன் பிறகு பி.பி.எட். என்னும் ஆசிரியப் பயிற்சிப் பட்டம் வேண்டும். இது முன்பு ஓராண்டுப் படிப்பாக இருந்தது. 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் ஈராண்டாயிற்று. இயற்பியலோ விலங்கியலோ வரலாறோ, வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களும் போட்டிகளில் கலந்துகொண்ட தகுதியோடு பி.பி.எட். சேர வழியுண்டு. எனக்கு இந்த இரண்டாவது பாதை பிடிக்கும். கையில் இன்னொரு பாடமும் இருக்கும். காலில் அடிபட்டு விளையாட முடியாமல் போனாலும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை. மேற்கொண்டு எம்.பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதலாம். கல்லூரிப் பதவிக்கு நெட், செட் போன்ற தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ கேட்பார்கள்.

உயிரியல் பிரிவு எடுத்தால்தான் இடம் கிடைக்கும் என்பதில்லை. எடுத்தவர்களுக்கு உடற்கூறும் உடலியங்கியலும் சுலபமாக இருக்கும், அவ்வளவே. மற்றவர்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கையின்போது உடல்திறன் தேர்வு இருக்கும். ஆகவே இப்போதிருந்தே ஓடிப் பழகுவது நல்லது. பள்ளி, மாவட்டப் போட்டிகளில் வாங்கிய சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். மூன்றாம் இடமாயிற்றே என்று எறிந்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்கள் உண்டு. எந்தக் கல்லூரியானாலும், பணம் கட்டுமுன் அதன் பி.பி.எட். படிப்புக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எங்கே படிப்பது? சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவின் மிகப் பழைய உடற்கல்விக் கல்லூரிகளுள் ஒன்று. 1920இல் அமெரிக்கரான ஹாரி க்ரோ பக் தொடங்கியது. உடற்கல்விக்கென்றே தமிழ்நாட்டில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது. அது வண்டலூருக்கு அப்பால் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. குவாலியரில் ராணி லட்சுமிபாயின் பெயரால் 1957இல் தொடங்கிய தேசிய நிறுவனம் பெயர் பெற்றது. பயிற்சியாளராக விரும்புகிறவர்கள் பாட்டியாலா தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தை நினைவில் வையுங்கள். ஆசிரியர் வேறு, பயிற்சியாளர் வேறு. பயிற்சியாளர் பதினோரு பேரைப் பார்த்தால் போதும். ஆசிரியர் வகுப்பின் அறுபது பேரையும் பார்க்க வேண்டும். ஓட முடியாதவரையும், ஓடப் பிடிக்காதவரையும் சேர்த்து.

வெயிலையும் அவர் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறுகிறது. ஆவியானால்தான்! சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது. சொட்டிய வியர்வை குளிர்ச்சி தருவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, அது சோம்பல் அல்ல. வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறி, மருத்துவ உதவிக்கு ஆளனுப்ப வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று உங்கள் அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். அரசுப் பணியிடங்கள் ஆண்டுதோறும் வருவதில்லை. தனியார் பள்ளிகளில் சம்பளம் குறைவாக இருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த பிறகும், தேர்வு நெருங்கினால் உங்கள் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொண்டு போவார், திருப்பித் தரமாட்டார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு இறங்குங்கள். உடலியக்கவியல் படித்தவருக்கு உடற்பயிற்சிக் கூடம், முதியோர் பயிற்சி, விளையாட்டு வீரர்களின் உடல்திறன் ஆய்வு என்று வேறு வாசல்களும் இருக்கின்றன.

இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க ஒரு சோதனை. நண்பர் ஒருவர் 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதன் பூஜ்ஜியக் கோட்டுக்கு நேராக உங்கள் விரல்களைத் தொடாமல் விரித்து வையுங்கள். அவர் சொல்லாமல் விடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. கோட்டில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.20 விநாடி, 15 செ.மீ. என்றால் 0.17, 25 செ.மீ. என்றால் 0.23. விழும் பொருளின் சூத்திரத்தைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம். ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி வெடித்து 0.10 விநாடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம் என்று வைத்திருப்பது ஏன் என்பதும் புரியும். பத்து முறை செய்து சராசரி எடுங்கள். முதல் இரண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், கை பழகியிருக்காது.