டியூட்டி முடிந்ததும் பத்து நிமிடம்

நோயாளியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நர்ஸ்கள் தங்கள் வேலையைப் பற்றியும் எழுதினால் என்ன ஆகும்?

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறினால் 3,550 படிகள். இளைஞர்கள் ஓடியே ஏறிவிடுகிறார்கள். வேண்டுதலுக்காகப் படிக்குப் படி மஞ்சள், குங்குமம் வைத்தபடி ஏறும் வயதான பெண்களுக்கு அது பாதி நாள் வேலை. வழியில் சிலருக்கு மயக்கம், சிலருக்கு மூச்சிரைப்பு. அபூர்வமாகச் சிலருக்கு மாரடைப்பு.

ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்து பார்க்கலாம். இரவு பதினோரு மணி. மலையடிவாரத்தில் ஏதோ ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பாட்டி, சர்க்கரை நோயாளி, வியர்த்துப்போய் வந்து சேர்கிறார். "நெஞ்சைக் கரிக்குதும்மா" என்கிறார். தெலுங்கு மட்டுமே தெரிந்த நர்ஸ், படியேறிய களைப்பு என்று நினைத்துப் படுக்க வைக்கிறார். அரை மணி நேரம் கழித்து எடுத்த ஈ.ஸி.ஜி.யில் மாரடைப்பு என்று தெரிகிறது. பாட்டி பிழைத்துவிடுகிறார். காலையில் அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நர்ஸ் விடுதிக்குத் திரும்புகிறார்.

கேஸ் ஷீட்டில் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, கொடுத்த மருந்து எல்லாம் இருக்கின்றன. அந்த அரை மணி நேரம் ஏன் போனது என்பது மட்டும் இல்லை. 'களைப்பு என்று எதை வைத்து முடிவு செய்தேன்?' என்ற கேள்வி நர்ஸின் மனதிலேயே தங்கிவிடுகிறது. சில நாள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு மறைந்தும் போகலாம். மறைவதற்கு முன் அதைப் பிடித்து, எழுதி, பாடமாக்கிக்கொள்வதைத்தான் நர்ஸிங் கல்வியாளர்கள் தொழில் சார்ந்த சுயபரிசீலனை என்கிறார்கள்.

தேர்ந்த தொழில்காரர்கள் வேலையின் நடுவிலும், முடிந்த பிறகும் தாங்கள் செய்ததை யோசிக்கிறார்கள் என்று 1983ல் எழுதினார் அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன். 1988ல் பிரிட்டிஷ் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் இதை ஆறு கேள்விகளாக்கினார். என்ன நடந்தது? அப்போது என்ன உணர்ந்தேன்? எது சரி, எது தவறு? ஏன்? வேறென்ன செய்திருக்கலாம்? அடுத்த முறை என்ன செய்வேன்?

பாட்டியின் விஷயத்தில் நான்காவது கேள்விதான் கதவைத் திறக்கிறது. மொழி புரியவில்லை என்பது ஒரு காரணம். நடந்து வந்தவர் என்றாலே களைப்புதான் என்ற வார்டு வழக்கம் இன்னொன்று. முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி இல்லாமலேகூட மாரடைப்பு வரலாம் என்பது பாடப்புத்தகத்தில் படித்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராதது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈ.ஸி.ஜி. என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். ஆனால் முதலில் சந்தேகம் வர வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு நர்ஸிங் படிப்பு புதிதல்ல. சித்தூரிலிருந்து எல்லை தாண்டினால் வேலூர். அங்கே ஐடா ஸ்கடர் 1909ல் நர்ஸிங் பள்ளி தொடங்கினார். 1946ல் பட்டப் படிப்பே வந்துவிட்டது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993ல் தொடங்கிய ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனத்திலும் நர்ஸிங் கல்லூரி உண்டு. பட்டம் வாங்கிய பிறகு வளர்வது எப்படி என்பதுதான் கேள்வி. புதியவர் நிபுணராவதை ஐந்து கட்டங்களாக 1984ல் விவரித்த அமெரிக்க நர்ஸ் பாட்ரிஷியா பென்னர், வருடங்கள் ஓடுவது அனுபவமாகிவிடாது என்றார். ஏற்கெனவே நினைத்திருந்தது நோயாளியின் படுக்கையருகே திருத்தப்பட வேண்டும்; அதுவே அனுபவம்.

பிரிட்டனில் 2016 முதல் இது கட்டாயம். அங்கே பணிபுரியும் நர்ஸ் மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க, இத்தகைய ஐந்து சுயபரிசீலனைக் குறிப்புகளை எழுதி, சக நர்ஸ் ஒருவருடன் விவாதிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து போனவர்களும் இதற்கு விலக்கல்ல.

ஆனால் எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். தப்பை ஒப்புக்கொண்டால் மெமோ வரும் என்ற பயம் உள்ள இடத்தில் நோட்டுப் புத்தகத்தில் பொய்தான் ஏறும். இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2018ல் பிரிட்டனில், ஒரு சிறுவனின் மரணத்தில் தண்டிக்கப்பட்ட மருத்துவரின் பதிவு ரத்தானபோது, தாங்கள் எழுதிய குறிப்புகளே தங்களுக்கு எதிராகத் திரும்புமோ என்று அங்குள்ள மருத்துவர்கள் கலங்கினார்கள். விசாரணைகளுக்காக அத்தகைய குறிப்புகளைக் கேட்க மாட்டோம் என்று மருத்துவக் கவுன்ஸில் அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த மருத்துவரின் பதிவும் அதே ஆண்டு மேல்முறையீட்டில் மீண்டது.

ஆகவே சுயபரிசீலனை நோட்டும் ஒழுங்கு நடவடிக்கை ஃபைலும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. நோட்டில் நோயாளியின் பெயரும் வேண்டாம். வார்டின் மூத்த ஸிஸ்டர் முதலில் தன் தவறைச் சொன்னால் இளையவர்களுக்கு வாய் திறக்கும். நேரமும் வேண்டும். அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரிடம் பத்து நிமிடம் கேட்பது நியாயமில்லை. அதை டியூட்டி நேரத்திலேயே ஒதுக்குவது நிர்வாகத்தின் பொறுப்பு.

அடுத்த வாரம் இன்னொரு முதியவர் வியர்வையோடு வருகிறார் என்று வைத்துக்கொண்டால், அதே நர்ஸ் படுக்கையைத் தேடுவதற்கு முன் ஈ.ஸி.ஜி. மெஷினைத் தேடுவார். தன்னை ஏன் இவ்வளவு அவசரமாகக் கவனிக்கிறார்கள் என்று அந்த முதியவருக்குத் தெரியப்போவதில்லை. காரணம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.