குஞ்சுக் கொட்டகையில் ஒரு கரண்ட் கணக்கு

போன மார்கழியில் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு 100 வாட் குண்டு பல்பு ஆறு போட்டிருந்தேன். குளிர் தாங்கலைன்னு அதே 6 ஆம்பியர் பிளக்கில் 1000 வாட் ஹீட்டரையும் மாட்டினேன். நடுராத்திரி பிளக் கருகி இருட்டாயிடுச்சு. விடிஞ்சு பார்த்தா 11 குஞ்சு விறைச்சுக் கிடந்தது.

வட்டிக் கணக்கே போட்டுப் பழகினவனுக்கு இந்தக் கூட்டல் தோணலை. பக்க இணைப்பில் எல்லாவற்றுக்கும் அதே 230 வோல்ட்தான். மின்னோட்டம் கூடிக்கொண்டே போகும். வாட்டை வோல்ட்டால் வகுங்க: பல்புகளுக்கு 2.6, ஹீட்டருக்கு 4.35, மொத்தம் கிட்டத்தட்ட 7 ஆம்பியர். பிளக்கின் பின் வேறு லூசு.

பல்பு கூடினா மின்தடை கூடும்னு நினைச்சிருந்தேன். இல்லை, குறையும். எரியும் பல்பு ஒன்றுக்கு 529 ஓம், ஆறுக்கும் சேர்த்து 88, ஹீட்டரும் சேர்ந்தால் 33தான். மடை கூடத் திறந்தா தண்ணி கூடப் போகிற மாதிரி.

இப்போ ஹீட்டருக்கு மெயினிலிருந்து தனி வயர், 16 ஆம்பியர் பிளக்.