ஏழு நாள், ஒரு பாய்ப்படகு: டல்மேசியத் தீவுகளும் அங்குள்ள பெண்களும்

கடல் என்றதும் எமது பெண்கள் பலரின் மனதில் உல்லாசம் தோன்றுவதில்லை. கிளாலிக் கடல்நீரேரியை இரவோடிரவாகக் கடந்தவர்களும், தொழிலுக்குப் போன கணவருக்காகக் கரையில் காத்திருந்தவர்களும், 2004 டிசெம்பர் 26 இல் பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்தவர்களும் எம்மிடையே வாழ்கின்றார்கள். அவர்களுக்குக் கடல் பிழைப்பும் பயமும் கலந்தது. அதேவேளை, கடலில் ஏழு நாட்களை ஓய்வாகக் கழிப்பதற்கென்றே ஆண்டு முழுவதும் பணம் சேர்ப்பவர்களும் இவ்வுலகில் இருக்கின்றார்கள். மத்தியதரைக் கடலின் ஒரு கிளையான அட்ரியாட்டிக் கடலில், குரோசிய நாட்டின் டல்மேசியக் கரையோரத் தீவுகள் இத்தகைய பயணங்களுக்குப் பெயர் பெற்றவை.

அந்தக் கரையும் யுத்தம் கண்ட கரைதான். 1991 இல் குரோசியா சுதந்திரப் பிரகடனம் செய்ததைத் தொடர்ந்து மூண்ட போர் 1995 வரை நீடித்தது. 1991 நவம்பரில் ஸ்பிளிற் நகரின் மீது போர்க்கப்பல்கள் குண்டு பொழிந்தன. உல்லாசப் பயணிகளுக்காகக் கட்டப்பட்ட கரையோர விடுதிகளில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வருடக்கணக்கில் வாழ்ந்தன. இன்று அதே ஸ்பிளிற் துறையிலிருந்துதான் விடுமுறைப் படகுகள் புறப்படுகின்றன. ஆகவே, ஒரு வாரப் பாய்ப்படகுப் பயணம் எவ்வாறு திட்டமிடப்படுகின்றது என்பதையும், அப்படகு தரிக்கும் துறைகளில் பெண்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

சனி தொடக்கம் சனி வரை

இப்பயணங்களில் படகு வாரக் கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றது. சனிக்கிழமை பின்னேரம் படகைப் பொறுப்பேற்க வேண்டும். அடுத்த வெள்ளி மாலைக்குள் துறைக்குத் திரும்பி, சனி காலை இறங்கிவிட வேண்டும். சுமார் 40 அடி நீளமான படகில் மூன்று அல்லது நான்கு சிறிய அறைகள், ஒரு காஸ் அடுப்பு, சிறு குளிர்ப்பெட்டி, கழிப்பறை என்பன இருக்கும். ஆறு தொடக்கம் எட்டுப் பேர் தங்கலாம்.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி படகை யார் ஓட்டுவது என்பதாகும். குரோசியச் சட்டப்படி, அந்நாடு ஏற்றுக்கொள்ளும் படகோட்டி அனுமதிப்பத்திரமும், வானொலிக் கருவியைக் கையாளும் சான்றிதழும் படகில் இருக்க வேண்டும். இல்லையேல் சம்பளத்துக்கு ஒரு படகோட்டியை அமர்த்த வேண்டும். அவருக்கான படுக்கையையும் சாப்பாட்டையும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டு, கடைசி நேரத்தில் இடம் தேடுபவர்கள் உண்டு.

அடுத்தது காலம். ஆடி, ஆவணி மாதங்களில் வாடகை உச்சத்தில் இருக்கும். துறைகளும் நிரம்பி வழியும். மே, செப்ரெம்பர் மாதங்களில் செலவு குறைவு, சனமும் குறைவு. வாடகையை விட முற்பணம், படகு சேதமடைந்தால் ஈடு செய்வதற்கான வைப்புப் பணம், துறைக் கட்டணம், எரிபொருள், சாப்பாடு எனப் பல செலவுகள் உள்ளன. குரோசியா 2023 ஜனவரி முதல் யூரோ நாணயத்துக்கு மாறிவிட்டது. அதே நாளில் செங்கன் வலயத்திலும் இணைந்தது. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அவ்வலயத்துக்கான விசாவை முன்கூட்டியே பெற வேண்டும்.

சாப்பாட்டுக்கும் துறைக் கட்டணத்துக்கும் பயணிகள் பொதுவான ஒரு பணப்பை வைப்பது வழக்கம். எல்லோரும் சம தொகை போடுவார்கள். ஒருவர் கணக்கு எழுதுவார். எமது சிறுசேமிப்புக் குழுக்களில் நாம் செய்வதுதான். கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிய இருந்தால் மனக்கசப்பு வராது.

காற்றைக் கேட்டுத்தான் திட்டம்

எமது கடலோடிகள் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எனக் காற்றைப் பெயர் சொல்லி அழைப்பது போலவே டல்மேசிய மக்களும் அழைக்கின்றார்கள். வடமேற்கிலிருந்து வருவது மயிஸ்ட்ரால். கோடை நாட்களில் முற்பகல் கடந்து எழும்பி, சூரியன் சாயும்போது அடங்கிவிடும் நல்ல காற்று அது. தென்கிழக்கிலிருந்து வரும் யூகோ மெதுவாக வலுத்து, மழையையும் பெரிய அலையையும் கொண்டு வரும். வடகிழக்கிலிருந்து மலை இறங்கி வரும் பூராவே ஆபத்தானது. வானம் தெளிவாக இருக்கும்போதே திடீரெனப் பாய்ந்து படகைப் புரட்டக்கூடியது. மாரி காலத்தில்தான் அது கடுமை என்றாலும் கோடையிலும் வருவதுண்டு.

பாய்ப்படகு மணிக்கு ஐந்து அல்லது ஆறு கடல் மைல்தான் போகும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீற்றர். ஆகவே ஒரு நாளைக்கு 20 அல்லது 25 கடல் மைலுக்கு மேல் திட்டமிடுவது புத்தியல்ல. ஒவ்வொரு நாள் காலையும் வானிலை அறிவிப்பைக் கேட்டு, பூரா வருமென்றால் துறையை விட்டு வெளிக்கிடாமல் இருப்பதே முறை. ஏழு நாளில் ஒரு நாளை இதற்கென்று வெறுமையாக விட்டு வைப்பவர்களே நிம்மதியாகத் திரும்புகின்றார்கள்.

நன்னீரும் அளந்துதான் செலவழிக்க வேண்டும். படகின் தாங்கியில் 300 தொடக்கம் 500 லீற்றர் நீர்தான் கொள்ளும். எட்டுப் பேர் குளிக்கவும் சமைக்கவும் கழுவவும் அதுவே. குடத்துடன் வரிசையில் நின்ற எமது பெண்களுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

வழியில் வரும் தீவுகள்

குரோசியாவில் சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கும் அதிகமான தீவுகள் உள்ளன. அவற்றில் சுமார் 50 இல் மாத்திரமே மக்கள் நிரந்தரமாக வாழ்கின்றார்கள். ஒரு வாரத்தில் நான்கைந்து தீவுகளைப் பார்த்தால் போதும்.

புறப்படும் ஸ்பிளிற் நகரின் நடுவில், ரோமப் பேரரசன் டியோக்கிளேசியன் கி.பி. 305 அளவில் தனது ஓய்வு வாழ்வுக்காகக் கட்டிய மாளிகை நிற்கின்றது. அருகிலிருந்த சலோனா நகரம் ஏழாம் நூற்றாண்டில் படையெடுப்பால் அழிந்தபோது, அகதிகளானவர்கள் தீவுகளுக்கு ஓடிப் பின்னர் இம்மாளிகையின் மதில்களுக்குள் குடியேறினார்கள் என்பது வரலாற்று மரபு. அரச மாளிகை அகதிகளின் ஊராக மாறிய கதை இது. இன்றும் அம்மதில்களுக்குள் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன.

ஞாயிறன்று பிராச் தீவின் மில்னாத் துறைக்குப் போகலாம். ஸ்பிளிற் மாளிகைக்கு வெண்கல் கொடுத்த தீவு இது. திங்களன்று ஹ்வார் தீவின் ஸ்ராரி கிராட். கி.மு. 384 இல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர் அளந்து பிரித்த வயல் எல்லைகள் கல்வேலிகளாக இன்றும் அங்கு உள்ளன. அதே நிலத்தில் திராட்சையும் ஒலிவும் விளைகின்றன. 2008 இல் யுனெஸ்கோ இச்சமவெளியை உலக மரபுரிமையாக அறிவித்தது.

செவ்வாய், புதன் இரு நாட்களும் விஸ் தீவுக்கு. இது யூகோஸ்லாவிய இராணுவத் தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவர்கள் கால் வைக்க முடியாத தீவாக இருந்தது. மலைக்குள் குடையப்பட்ட சுரங்கங்களும், கப்பல்களை ஒளித்து வைத்த கடற்குகையும் இன்று காட்சிப் பொருள்களாகியுள்ளன. மேற்குக் கரையிலுள்ள கோமிஷா மீனவர் ஊர். அங்கிருந்து வியாழன் காலை பிஷேவோ தீவின் நீலக் குகைக்குப் போகலாம். நண்பகலை அண்டிய வேளையில் சூரிய ஒளி நீருக்கடியில் புகுந்து குகை முழுவதையும் நீலமாக்கும். பிற்பகல் ஹ்வார் நகரம், வெள்ளியன்று ஷோல்ற்றா தீவு வழியாக மீண்டும் ஸ்பிளிற். முழுப் பயணமும் ஏறத்தாழ 100 கடல் மைலுக்குச் சற்று அதிகம்.

விஸ் தீவிலிருந்து பாலைவனம் வரை

விஸ் துறையில் படகைக் கட்டுபவர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில், 1943 இன் பிற்பகுதியில் ஜேர்மன் படைகள் டல்மேசியாவுக்குள் முன்னேறியபோது, கரையிலும் தீவுகளிலும் இருந்த மக்கள் கிடைத்த வள்ளங்களில் ஏறி விஸ் தீவுக்கு ஓடி வந்தார்கள். சிறிய தீவு அத்தனை பேரைத் தாங்கவில்லை. அவர்கள் கப்பல்களில் தென் இத்தாலிக்கும், அங்கிருந்து 1944 இல் எகிப்துக்கும் அனுப்பப்பட்டார்கள். சுயஸ் கால்வாய்க்கு அருகே சினாய்ப் பாலைவனத்தில் எல் ஷாட் என்னும் இடத்தில் கூடார முகாம்கள் அமைக்கப்பட்டன. சுமார் 30,000 பேர் அங்கு வாழ்ந்தார்கள். ஆண்கள் பலர் போர்க்களத்தில் இருந்தபடியால் முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் சிறுவர்களும் முதியவர்களுமே.

கடலும் ஒலிவ் மரமும் மாத்திரமே தெரிந்த பெண்கள் மணலிலும் வெயிலிலும் கூடாரம் கட்டி வாழப் பழகினார்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலைகளும், தையல் போன்ற வேலைகளுக்குப் பட்டறைகளும் நடந்தன. இசையமைப்பாளர் யோசிப் ஹாற்ஸே முகாமில் ஒரு பாடற் குழுவை நடத்தினார். முகாமிலேயே திருமணங்கள் நடந்தன, குழந்தைகள் பிறந்தன. நூற்றுக்கணக்கானோர் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். 1946 இல் மீதியானவர்கள் ஊர் திரும்பியபோது அவர்களை வரவேற்றவை எரிந்த வீடுகளும் கைவிடப்பட்ட தோட்டங்களும்தான். செட்டிகுளம் முகாம்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ரேந்தையும் வாடகை அறையும்

ஹ்வார் நகரத்தில் பெனடிக்ற் சபைக் கன்னியர் மடம் ஒன்று உள்ளது. அங்குள்ள அருட்சகோதரிகள் ஆனைக்கற்றாழை மடலின் உள்ளிருந்து மெல்லிய நார் எடுத்து ரேந்தை பின்னுகின்றார்கள். மடத்தை விட்டு வெளியே வராத அவர்களின் கைவேலை 2009 இல், குரோசியாவின் ஏனைய ரேந்தைப் பின்னல்களோடு சேர்த்து, யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஊரில் வளரும் செடி, பெண்களின் பொறுமை, தலைமுறைப் பழக்கம் ஆகிய மூன்றுமே அதன் மூலதனம். பனையோலையிலும் நாரிலும் வேலை செய்யும் எமது சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். வாங்குபவர் பொருளோடு சேர்த்து அது பிறந்த இடத்தின் கதைக்கும் விலை கொடுக்கின்றார்.

தீவுகளில் வீட்டு வாசல்களில் "சோபே" என்ற பலகையைக் காணலாம். அறைகள் என்பது அதன் பொருள். போர் முடிந்து பயணிகள் திரும்பி வரத் தொடங்கியபோது, பெரிய விடுதிகள் திருத்தப்படும் முன்பே பல குடும்பங்கள் தம் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுச் சீவித்தன. படுக்கை விரிப்பது, துவைப்பது, சமைப்பது என அவ்வேலையின் பெரும்பகுதி பெண்களுடையது. 2021 கணக்கெடுப்பின்படி 39 இலட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட அந்நாட்டுக்கு 2023 இல் மாத்திரம் இரண்டு கோடிக்கும் அதிகமான பயணிகள் வந்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேலை கோடையில் மாத்திரமே. மாரியில் ஊர் வெறிச்சோடும். காணி, வீட்டு விலை ஏறி, ஊர்ப் பிள்ளைகளுக்கே வீடு எட்டாமற் போகின்றது. இரவுக் கூத்தாட்டங்களைக் கட்டுப்படுத்த ஹ்வார் நகரசபை 2017 இல் தண்டப்பணம் அறிவிக்க வேண்டியிருந்தது. 2009 இன் பின்னர் பாசிக்குடா போன்ற எமது கரைகளிலும் விடுதிகள் எழும்பியுள்ளன. அங்கே எமது பெண்களுக்குக் கிடைப்பது கூட்டித் துடைக்கும் வேலை மட்டுமா, அல்லது தமது பெயரில் ஓர் அறை, ஒரு கடை, ஒரு வள்ளமா என்பதைப் பெண்கள் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.

எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியவை

படகு துறையை விட்டு நகர முன்னர் நல்ல படகோட்டி ஒருவர் அனைவரையும் இருத்தி ஐந்து விடயங்களைக் காட்டுவார்.

1. உயிர்காப்பு அங்கிகள் எங்கே, எப்படி அணிவது.
2. இயந்திரத்தை நிறுத்துவது, பாயை இறக்குவது எப்படி.
3. வானொலியில் 16 ஆம் அலைவரிசையில் உதவி கேட்பது எப்படி. குரோசியாவில் கடல் மீட்புக்கான தொலைபேசி இலக்கம் 195, பொது அவசர இலக்கம் 112.
4. காஸ் அடுப்பின் குழாயைப் பூட்டுவது எப்படி.
5. யாராவது கடலில் விழுந்தால் கண்ணை எடுக்காமல் அவரையே காட்டிக் கொண்டிருப்பது யார்.

படகோட்டிக்கு மாத்திரம் இவை தெரிந்திருந்தால் போதாது. விழுபவர் படகோட்டியாகவே இருந்தால் என்ன செய்வது? குறைந்தது இன்னொருவராவது படகைத் துறைக்குக் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த விதியின் பெறுமதியை எம் பெண்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றார்கள். காணி உறுதி எங்கே, வங்கிப் புத்தகம் எந்தக் கிளையில், யாருக்கு எவ்வளவு கடன் என்பது கணவருக்கு மட்டுமே தெரிந்திருந்த குடும்பங்களில், அவர் காணாமற் போனபின் மனைவி அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். ஆகவே வீட்டிலும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியவற்றை இன்றே எழுதி வையுங்கள். உறுதி, பிறப்பு, இறப்பு, திருமணப் பத்திரங்களின் பிரதிகளை வேறோர் இடத்திலும் வையுங்கள். மூத்த மகளுக்கும் மகனுக்கும் காட்டுங்கள்.

எமக்கும் ஓய்வு உரியது

ஓய்வும் விடுமுறையும் ஒவ்வொருவரதும் உரிமை என்று 1948 இன் மனித உரிமைகள் பிரகடனத்தின் 24 ஆம் உறுப்புரை கூறுகின்றது. வீட்டைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லையென்று எங்கும் எழுதப்படவில்லை. அட்ரியாட்டிக் கடலுக்குப் போக எம்மில் அநேகருக்கு வசதி வராது. ஆனால் திட்டமிடும் முறை எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து, மாதம் மாதம் சிறு தொகை ஒதுக்கி, குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ ஒரு நாள் போய் வரலாம். காற்றைக் கேளுங்கள். அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றும் படகில் ஏறாதீர்கள். உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கி அணியுங்கள். பிள்ளைகளைப் பார்க்க ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். அன்றைய சமையலை மற்றவர்களிடம் விடுங்கள். கடலைப் பார்க்கவே மனம் கூசும் சகோதரி ஒருத்தி உங்களிடையே இருந்தால் அவளை வற்புறுத்தாமல், கரையில் அவளோடு ஒருவர் இருங்கள். அவள் தானாக எழும்பி வரும் நாளில் அவளுக்கும் படகில் ஓர் இடம் இருக்கட்டும்.