பாஸ்டன் பாதையில் உடல் படும் பாடு

பாஸ்டன் மாரத்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை நடக்கிறது. 1897இல் 15 பேருடன் தொடங்கிய இந்த ஓட்டத்தில் இப்போது சுமார் 30,000 பேர் ஓடுகிறார்கள். ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் புறப்பட்டு, ஆஷ்லண்ட், ஃபிரேமிங்ஹாம், நேட்டிக், வெல்லஸ்லி, நியூட்டன், புரூக்லைன் வழியாகப் பாஸ்டன் நகரின் பாய்ல்ஸ்டன் தெருவில் முடியும் பாதை 42.195 கிலோமீட்டர் நீளமுடையது. அறப்பணிக்கு நிதி திரட்டி ஓடுவோரையும் அழைப்பின் பேரில் வருவோரையும் தவிர, மற்றவர்கள் வேறொரு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் முடித்துக் காட்டினால்தான் இங்கே இடம் கிடைக்கும். அப்படித் தேறி வந்தவர்கள் ஓடியும், முடிவுக் கோட்டருகே உள்ள மருத்துவக் கூடாரத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் வேலை இருக்கத்தான் செய்கிறது. நெடுந்தூர ஓட்டம் உடலை என்ன செய்கிறது என்பதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இந்தப் பாதையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே எந்த ஊர் மாரத்தானுக்குத் தயாராகிறவரும் இங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

புறப்படுவதற்கு முன்

மாரத்தானுக்கான பயிற்சி வழக்கமாக 16 முதல் 20 வாரங்கள் நீள்கிறது. இதில் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்துவிட வேண்டும். விட்டுப்போன பயிற்சியை அந்த நாள்களில் ஓடி ஈடுகட்டப் பார்ப்பவர் களைத்த கால்களோடுதான் கோட்டுக்கு வந்து நிற்பார். அவர் அடையும் பயன் வேறெதுவும் இல்லை.

சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்து உணவுகளை உடல் கிளைகோஜனாக மாற்றித் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. ஓட்டத்துக்கு முந்தைய ஒன்றரை முதல் இரண்டு நாள்களில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு சுமார் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்களின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 600 கிராமுக்கு மேல். முந்தைய இரவு ஒருவேளை வயிறு முட்டச் சாப்பிட்டு இந்த அளவை எட்ட முடியாது. எட்ட முயன்றால் மறுநாள் வயிறுதான் கெடும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் சேர்வதால், எடை ஒன்றிரண்டு கிலோ கூடுவது இயல்பு. எடை ஏறிவிட்டதே என்று பதறத் தேவையில்லை.

பாஸ்டனில் ஓட்டம் விடியற்காலையில் தொடங்குவதில்லை. ஆயிரக்கணக்கானோர் பேருந்துகளில் ஹாப்கின்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, மணிக்கணக்கில் காத்திருந்து, காலை 10 மணியை ஒட்டி அணி அணியாகப் புறப்படுகிறார்கள். காலை உணவை ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே முடிக்க வேண்டும் என்பதால், இந்தக் காத்திருப்பையும் கணக்கில் வைத்தே உண்ண வேண்டியிருக்கிறது. புதிய காலணி, புதிய பனியன், முன்பின் சுவைத்திராத ஊட்டக்கூழ் ஆகிய எதையும் அன்று முதல் தடவையாகப் பயன்படுத்தக் கூடாது. காலில் கொப்புளமும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

இறக்கம் என்னும் ஏமாற்று

ஹாப்கின்டன், முடிவுக் கோட்டைவிடச் சுமார் 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் சில கிலோமீட்டர்கள் நல்ல இறக்கம். இருபுறமும் கூட்டத்தின் ஆரவாரம். ஓய்வெடுத்து வந்த கால்கள். யாரும் நினைத்ததைவிட வேகமாகவே ஓடிவிடுவார்கள், மூச்சும் வாங்காது. கேடு இங்கேதான் தொடங்குகிறது.

மேட்டில் ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை உந்துகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே, உடல் முன்னால் சரியாதபடி பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்கிறது. நீளும் நிலையில் சுமை தாங்கும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் மிகுதியாக உண்டாகின்றன. அந்த நேரத்தில் வலி தெரியாது. 25 கிலோமீட்டருக்கு அப்பால், நியூட்டனின் மேடுகள் வரும்போது தொடை கல்லாகிவிட்டதைப் போலத் தோன்றுவதற்கு, காலையில் இறக்கத்தில் காட்டிய அவசரமே முக்கியக் காரணம். பாஸ்டனின் மேடுகளைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம்; அதன் இறக்கங்கள்தான் அதிகக் கவனத்துக்கு உரியவை.

இதற்குத் தீர்வு பயிற்சியில் இருக்கிறது. இறக்கத்தில் ஓடிய தசை, ஒருமுறை சேதமுற்று ஆறியபின், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் குறைவாகவே சேதப்படுகிறது. நீண்ட ஓட்டங்களில் இறக்கப் பாதைகளையும் சேர்த்துக்கொள்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

முப்பதாவது கிலோமீட்டர்

நன்றாக உண்டு ஓய்வெடுத்த ஒருவரின் தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைகோஜன் சுமார் 2,000 கலோரி ஆற்றல் தரும். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் முழுத் தூரத்துக்கும் 2,500 கலோரி செலவிட வேண்டும். உடலில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அதை எரித்து வேகமாக ஆற்றல் பெற முடியாது. வேகம் கூடக்கூட உடல் கிளைகோஜனையே அதிகம் எரிக்கிறது. அதனால் 30 கிலோமீட்டரை ஒட்டிக் கையிருப்பு தீரத் தொடங்குகிறது. கால்கள் கனக்கின்றன, கவனம் சிதறுகிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, நின்றுவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்பத் தலைதூக்குகிறது. இரத்தச் சர்க்கரை குறையும்போது மூளையும் சோர்ந்துபோவதால், இதை வெறும் மனத்தளர்ச்சி என்று ஒதுக்குவது சரியல்ல.

பாஸ்டனில் நியூட்டன் மேடுகளில் கடைசியான ‘ஹார்ட்பிரேக் ஹில்’ சரியாக இந்த இடத்தில், 32 கிலோமீட்டரைத் தாண்டியதும் வருகிறது. அதன் ஏற்றம் சுமார் 27 மீட்டர்தான். வேறு எந்த நாளிலும் ஓடிப் பழகியவர் அதைப் பொருட்படுத்த மாட்டார்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தை, முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிச் சிறுகச் சிறுக உட்கொண்டால் இந்த நிலையைத் தள்ளிப்போடலாம். களைப்பு வந்த பிறகு உண்பது பெரிதும் உதவாது. ஓடும்போது குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் செரிமானமும் மெதுவாகவே நடக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள், குறிப்பாக இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், மருந்தளவை மருத்துவரோடு பேசிப் பயிற்சி நாள்களிலேயே சரிபார்த்துக்கொள்வது கட்டாயம்.

தண்ணீர் மிகுந்தாலும் ஆபத்து

தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடிக்க வேண்டும் என்று ஓட்டக்காரர்களுக்கு நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய ஓர் இளம்பெண் இரத்தத்தில் சோடியம் குறைந்து இறந்தார். அதே ஓட்டத்தில், முடிவுக் கோட்டில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. மூவருக்கு உயிருக்கே ஆபத்தான அளவுக்கு. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடமும் இது அதிகம் காணப்பட்டது.

காரணம் எளிது. மெதுவாக ஓடுபவர் குறைவாக வியர்க்கிறார். ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு மைலுக்கும் இருக்கும் தண்ணீர்ப் பந்தலில் நின்று குடிக்க அவருக்குத்தான் நேரம் அதிகம். நெடிய உடலுழைப்பின்போது, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனும் கூடுதலாகச் சுரப்பதால், குடித்த நீர் வெளியேறாமல் இரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. நீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து மூளை வீங்குகிறது. தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுதல், குழப்பம், இறுதியில் வலிப்பு. தொடக்க அறிகுறிகள் நீரிழப்பின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், உடனிருப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடுவதுண்டு. கடைகளில் விற்கும் விளையாட்டுப் பானங்களிலும் சோடியம் இரத்தத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. அவற்றை அளவுக்கு மீறிக் குடித்தாலும் இதே கதிதான்.

இன்றைய மருத்துவ வழிகாட்டுதல் தாகம் எடுத்தால் குடிக்கச் சொல்கிறது. பயிற்சி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துவருவது அவரவர் வியர்வை அளவை அறிய உதவும். ஓட்டத்துக்குப் பின் எடை கூடியிருந்தால் குடித்தது மிகை என்று பொருள்.

வலி நிவாரணிகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்குமே என்று புறப்படும் முன் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் ஓட்டக்காரர்களிடையே பரவலாக இருக்கிறது. ஏற்கெனவே இரத்த ஓட்டம் குறைந்திருக்கும் சிறுநீரகத்துக்கு அவை மேலும் சுமையாகின்றன. சோடியம் குறையவும் வழிசெய்யலாம். மாத்திரை இல்லாமல் ஓட முடியாத காலோடு மாரத்தானுக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

வெயிலும் மழையும்

2012இல் பாஸ்டனில் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. விரும்புவோர் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம் என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். சென்னைவாசிக்கு அது பெரிய வெயிலாகத் தெரியாது. ஆனால் பனிக்காலம் முழுதும் குளிரில் பயிற்சி செய்த உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள்கள் வேண்டும். மாறாக, 2018இல் கொட்டும் குளிர்மழையும் எதிர்க்காற்றும். வெப்பநிலை ஒற்றை இலக்கத்திலேயே நின்றது. அனுபவமிக்க முன்னணி வீரர்கள் பலரும் நடுவழியில் விலகினார்கள்.

ஓட்டத்தால் வரும் வெப்பத்தாக்கில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது, நடத்தை மாறுகிறது. தள்ளாடுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, எரிந்து விழுவது ஆகியவை எச்சரிக்கைகள். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. வாயிலோ காதிலோ நெற்றியிலோ பார்க்கும் வெப்பமானி தவறாகக் காட்டக்கூடும் என்பதால், மருத்துவக் கூடாரங்களில் மலக்குடல் வழியாகவே அளக்கிறார்கள். சிகிச்சை, கழுத்து வரை பனிக்கட்டி நீரில் அமர்த்துவது. அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பத்தைக் கீழே கொண்டுவர வேண்டும். மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன்பே குளிர்விப்பது முக்கியம். அதே மாநிலத்தில் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் ஃபால்மவுத் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பத்தாக்கு ஏற்பட்டது. உடனுக்குடன் நீரில் அமர்த்தியதால் ஒருவர்கூட இறக்கவில்லை.

இதயம் நின்றால்

மாரத்தானில் ஒருவர் இறந்தார் என்ற செய்தி வந்ததும் ஓடுவதே ஆபத்து என்ற பேச்சு கிளம்பிவிடும். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானிலும் அரை மாரத்தானிலும் ஓடிய 1.09 கோடிப் பேரை ஆராய்ந்ததில், இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். அவர்களில் 42 பேர் இறந்தார்கள். இதயம் நின்ற விகிதம் லட்சத்துக்கு 0.54. முழு மாரத்தானில் அரை மாரத்தானைவிட அதிகம். ஆண்களிடம் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். 2010 முதல் 2023 வரையிலான அடுத்த ஆய்வில் இதயம் நின்ற விகிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. இறப்பு விகிதம் மட்டும் பாதியாகக் குறைந்தது. ஓட்டக்காரர்களின் இதயம் வலுப்பட்டுவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. விழுந்தவரின் மார்பை உடனே அழுத்தியதும், மின்னதிர்ச்சிக் கருவி விரைவில் வந்ததுமே உயிர்களைக் காத்தன. ஓட்டம் பார்க்க வருகிற குடும்பத்தார் மார்பு அழுத்தும் முறையைக் கற்றுவைத்திருந்தால், அது கைதட்டலைவிடப் பெரிய உதவி.

இரண்டாம் ஆய்வில் முதன்மைக் காரணமாகத் தெரிந்தது இதயத் தமனி அடைப்பு. தெற்காசியர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது. ஆகவே நாற்பதை நெருங்கும் தமிழர் ஒருவர், அதிலும் இரத்த அழுத்தமோ நீரிழிவோ புகைப்பழக்கமோ உள்ளவர், குடும்பத்தில் இளவயது மாரடைப்பைக் கண்டவர், பயிற்சி தொடங்கும் முன்பே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

பயிற்சிக் குறைவும் இதயத்தில் தெரிகிறது. 2004, 2005 பாஸ்டன் மாரத்தான்களில் சாதாரண ஓட்டக்காரர்கள் 60 பேரைச் சோதித்தபோது, வாரத்துக்குச் சுமார் 56 கிலோமீட்டருக்குக் குறைவாகப் பயிற்சி செய்தவர்களிடம் இதயத்தசைப் பாதிப்பின் குறிகள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன.

கோட்டைத் தாண்டிய பிறகு

முடிவுக் கோட்டைக் கடந்த உடனே நின்றுவிடுபவர் மயங்கி விழக்கூடும். ஓடும்வரை கெண்டைக்கால் தசைகள் காலில் உள்ள இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. நின்றதும் அந்த வேலை நிற்கிறது, இரத்தம் காலில் தங்குகிறது, அழுத்தம் சரிகிறது. மெல்ல நடந்துகொண்டே இருப்பது இதைத் தடுக்கும். விழுந்தவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார். கோட்டுக்கு முன்பே, ஓடும்போதே விழுபவரின் நிலை வேறு. அங்கே இதயம், வெப்பத்தாக்கு, சோடியம் குறைவு ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். சோடியத்தை அளக்காமல் வழக்கம்போல் குளுக்கோஸோ சலைனோ ஏற்றுவது அங்கே தீங்காகலாம்.

தசை வலி முதல் மூன்று நாள்களுக்குள் உச்சத்தை எட்டி, ஒரு வாரத்தில் தணியும். படிக்கட்டில் இறங்குவதுதான் மிகவும் கடினமாக இருக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் கழிந்தால், அல்லது பல மணி நேரம் கழியாமலே இருந்தால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைவலியும் வாந்தியும் தொடர்ந்தாலும் அப்படியே.

மருத்துவரிடம் போகும்போது மாரத்தான் ஓடியதை முதலில் சொல்லிவிடுங்கள். மாரடைப்பைக் கண்டறிய அளக்கும் டிரோபோனின், தசைச் சிதைவைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் ஆகிய இரண்டும் மாரத்தான் ஓடிய நலமான உடலிலேயே சில நாள்கள் உயர்ந்திருக்கக்கூடும்.