மலைச்சரிவில் மண்ணிழப்பை அளத்தல்

பொறுமைக்கு நிலத்தையே உவமை கூறினார் வள்ளுவர். நிலம் பொறுக்கும் என்பது உண்மையே. ஆயினும் பொறுத்துக்கொண்டே அது தேய்ந்தும் போகும் என்பதை மலைநாட்டார் மறத்தலாகாது. தெல்தோட்டையைச் சூழ்ந்த சரிவுகளிற் பெருமழை பெய்தபின் ஓடைகள் செந்நிறங் கொண்டு பாய்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அந்நிறம் நீரினது அன்று, மேன்மண்ணினது. போவது எவ்வளவு என்று எவரேனும் வினவினால், "கொஞ்சம்" என்றோ "நிறைய" என்றோ கூறி அமைகின்றோம். அளவறியாத இழப்புக்குப் பரிகாரந் தேடுதல் அரிது. ஆதலின், அதனை மதிப்பிடும் வழிகளை ஈண்டு எளிமையாக விளக்க முற்படுகிறோம்.

நம் அயலிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலையை வாணிபப் பயிராக நட்டார். அதற்கு முன்னரே கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டிருந்தன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தவே, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. காடு நின்ற காலத்தில் மழைத்துளியின் வேகத்தை இலையுஞ் சருகுந் தாங்கின. காடு நீங்கியபின், புல்லொன்றும் இல்லாமற் சுரண்டித் துப்புரவாக வைத்திருப்பதே நல்ல தோட்டத்துக்கு இலக்கணம் என்று துரைமார் பலர் கருதினர். வெறுமையான மண் மழைக்கு நேரே முகங்கொடுத்தது. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டமைக்கு இத்தகைய இழப்பே காரணமாகும்.

மண்சரிவு ஊரறிய நிகழ்வது; மண்ணரிப்போ ஓசையின்றி நிகழ்வது. சரிவு முழுவதிலும் மெல்லிய தாள்போல ஒரு படை கழுவுண்டு போகின்றமையால் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால் கணக்கு வேறு கதை சொல்லும். ஒரு ஹெக்டேயரில் 1 மில்லிமீற்றர் மண் போயின், போனது 10 கனமீற்றர். ஒரு கனமீற்றர் மண்ணின் நிறை 1.2 தொன் எனக் கொண்டால், இழப்பு 12 தொன். நகக்கண் அளவுகூட இல்லாத இழப்பு, பாரவண்டியொன்று சுமக்கும் பாரமாகி விடுகிறது!

இதனை அறிய மூன்று வழிகள் உள. முதலாவது, இரும்புக் கம்பிகளை வரிசையாக நிலத்தில் ஊன்றி, வெளியே தெரியும் நீளத்தைக் குறித்து, ஓராண்டின் பின் மீண்டும் அளத்தல். சில கம்பிகளின் அருகில் மண் குறைந்தும், சிலவற்றின் அருகில் மேலிருந்து வந்த மண் படிந்தும் இருக்கும். ஆகவே பல கம்பிகளை ஊன்றிச் சராசரி காணல் வேண்டும்.

இரண்டாவது வழியிற் பழைய தேயிலைச் செடியே கம்பியாகிறது. தண்டும் வேருங் கூடுமிடம் இன்று நிலத்துக்கு மேலே எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று பார்க்க. நட்டு 75 ஆண்டு சென்ற செடியில் அது 15 சென்ரிமீற்றராயின், ஆண்டுக்கு 2 மில்லிமீற்றர் போயிற்று. அஃதாவது ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 24 தொன். செடியடி மண்ணினும் செடிகளின் இடைவெளி மண் விரைந்து போகுமாதலின், இது தோராயமான கணக்கே.

மூன்றாவது, 20 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமுமுள்ள பாத்தியைத் தகட்டால் வரம்பிட்டு, அடியில் தொட்டியமைத்து, ஓடிவரும் நீரையும் மண்ணையும் பிடித்தல். மண்ணை உலர்த்தி நிறுத்து, அத்தொகையை நூறாற் பெருக்கினால் ஒரு ஹெக்டேயரின் இழப்புக் கிடைக்கும்.

எல்லாச் சரிவிலும் தொட்டி கட்டுதல் இயலாது. அதற்கென அமெரிக்காவில் விஷ்மையர், ஸ்மித் என்னும் அறிஞர் இருவர் வகுத்த பொது மண்ணிழப்புச் சமன்பாடு 1965 இல் நூலாக வெளிவந்து, 1978 இல் திருத்தம் பெற்றது. மழையின் வலிமை, மண்ணின் கரையுந்தன்மை, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, நிலத்தின் மூடாக்கு, காப்புமுறை ஆகிய ஆறினையும் அது ஒன்றோடொன்று பெருக்குகிறது. கூட்டாது பெருக்குவதே அதன் சிறப்பு: ஆறில் ஒன்றைப் பாதியாக்கினால் இழப்பு முழுவதும் பாதியாகும்.

ஒன்றை மறத்தலாகாது. அதன் அடிப்படைப் பாத்தி 100 அடிக்கு 9 அடி எழும் சரிவு. நம் தேயிலைச் சரிவுகளிற் பல அதனினும் மிகச் செங்குத்தானவை. ஆகவே அதன் விடையைக் கம்பியாலுந் தொட்டியாலுஞ் சரிபார்த்தல் நன்று. மண்சரிவையும் ஆழ்ந்த பள்ளங்களையும் அது கணக்கிற் கொள்வதுமில்லை. சுரங்கம் தோண்டி மூடி மீட்ட நிலங்களுக்கும் பின்னர் இம்முறையைத் திருத்திக் கொண்டனர். நெய்வேலியிற் போலத் தோண்டிக் குவித்த மண்மேட்டில் இயற்கையான மண்ணமைப்புக் குலைந்திருக்கும். பழைய வேரும் இராது. அங்குப் புல்லும் மரமும் வேர்பிடிக்கும் வரை ஒவ்வொரு மழையுஞ் சோதனையே.

ஆறினுள் மழையும் மண்ணும் நம் ஆணைக்கு அடங்கா. மூடாக்கும் காப்புமுறையுமோ நம் கையில் உள்ளன. கவ்வாத்து வெட்டிய கிளைகளை நிலத்திலேயே பரப்புதல், மீள்நடுகைக்கு முன் கௌத்தமாலாப் புல் வளர்த்தல், சமவுயரக் கோட்டினை ஒட்டிக் கான் வெட்டுதல், கல்லணை கட்டுதல், சுரண்டியை விலக்கல் என்பன மூத்த தொழிலாளரும் நன்கறிந்த வேலைகளே. வெட்டிய கான் தூர்ந்தால், தேங்கிய நீர் கரையுடைத்துப் பாய்ந்து முன்னிலும் பெருந்தீங்கு செய்யும். ஆகவே ஆண்டுதோறும் தூரெடுத்தல் வேண்டும்.

இங்குக் கழுவுண்டு போகும் மண் இட்ட உரத்தையும் உடன்கொண்டு மகாவலியைச் சேர்ந்து, கீழேயுள்ள நீர்த்தேக்கங்களிற் படிகிறது. கொழுந்து குறைந்தால் தொழிலாளியின் வீட்டிலும், தேக்கந் தூர்ந்தால் கீழ்நாட்டு வயலிலும் அவ்விழப்பு உணரப்படும். ஓரங்குல மண் உருவாகப் பல நூற்றாண்டு செல்லும். அது போவதற்குச் சில மாரிகள் போதும்.

மாணவர்காள்! விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டா. பத்துக் கம்பியும், ஓர் அளவுகோலும், ஒரு குறிப்பேடும், ஓராண்டுப் பொறுமையும் போதும். பழைய மாணவருட் தோட்டங்களிற் பொறுப்பேற்றிருப்போர் அவர்க்கு ஒரு சரிவைக் காட்டி உதவுவாராக. நம் முன்னோர் வியர்வை சிந்திய மண் ஆண்டுக்கு எத்துணை குறைகிறது என்பதை நாமே அளந்து எழுதிவைப்போம். அளந்தறிந்த இழப்பையே தடுக்க இயலும்.